மாதவிடாய்ச் சுழற்சியும் நெடுந்தொலைவு ஓட்டமும்: காவிரிப் படுகைப் பெண்களின் அனுபவப் பகிர்வு

தஞ்சாவூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை

மாதவிடாய் வந்த நாளைவிட அது வருவதற்கு முந்தைய வாரமே ஓட்டத்தில் எனக்குக் கடினமாக இருக்கிறது. புது ஆற்றங்கரையில் என்னோடு ஓடும் பெண்களில் பலரும் இதையே சொல்வதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். அதே பாதை, அதே வேகம், அதே உறக்கம் என்று எல்லாம் ஒன்றாக இருந்தாலும் அந்த நாள்களில் இதயத் துடிப்பு சற்று ஏறியே நிற்கிறது, முகம் சூடாகிறது, வல்லம் பக்கத்து மேட்டில் வழக்கத்தைவிட முன்னதாகவே மூச்சு வாங்குகிறது. உடல் தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் பயிற்சியையே விட்டுவிட்ட தோழிகள் உண்டு. மாதவிடாய் தொடங்கி இரண்டு மூன்று நாள்கள் கழிந்ததும் அதே வேகம் எளிதாகிவிடுகிறது என்பதை அவர்கள் பொறுத்திருந்து பார்க்கவில்லை.

கருமுட்டை வெளிவந்த பிறகு உடலில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் சுரப்பு கூடுகிறது. அது உடல் வெப்பநிலையை ஏறத்தாழ 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. அதனால் உடல் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறிய பிறகே வியர்க்கத் தொடங்குகிறது. மூச்சின் அளவும் கூடுகிறது. வறண்ட ஊர்களில் வியர்வை ஆவியாகி இந்தச் சூட்டைத் தணித்துவிடும். சம்பா நடவு முடிந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலில் தண்ணீர் நிற்கும் நாள்களில் நம் பகுதியில் வியர்வை ஆவியாவதே இல்லை, உடலில் வழிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே மேலை நாட்டுப் பெண்ணுக்கு அற்பமாகத் தெரியும் வேறுபாடு இங்கே ஓடுபவருக்குப் பெரிதாகத் தெரிந்தால் அதில் வியப்பில்லை என்பது என் கருத்து.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் தேடிப் படித்தேன். 78 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வெளிவந்த மதிப்பாய்வு, மாதவிடாயின் தொடக்க நாள்களில் செயல்திறன் மிகச் சிறிதளவு குறையக்கூடும் என்று கூறுகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் தரம் போதாது என்பதால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே விதியை வகுக்க முடியாது என்றும், ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிக்க வேண்டும் என்றும் அதே மதிப்பாய்வு சொல்கிறது. என் உடல் கடினமாக உணரும் காலம் அதில் சொன்ன காலம் அன்று. எனவே, சுழற்சியின் நாள், காலையில் கண்விழித்ததும் நாடித்துடிப்பு, உறக்கம், ஓடிய தொலைவு, ஓடும்போது இருந்த உணர்வு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். மூன்று நான்கு சுழற்சிகளுக்குக் குறித்தாலே ஒரு போக்கு தெரியத் தொடங்கும். முந்தைய வாரத்தில் வேகப் பயிற்சியைத் தள்ளிவைத்து, கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைக் கேட்டு ஓடுகிறேன். பொழுது புலர்வதற்குள் நீண்ட ஓட்டத்தை முடித்துவிடுகிறேன். மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்

எனக்கு நேர்மாறு, அக்கா. முந்தைய வாரம் ஒன்றும் தெரிவதில்லை. முதல் நாள்தான் நடக்கக்கூட முடியாது. இரண்டாம் நாள் பிற்பகலிலிருந்து உடல் இலகுவாகிவிடுகிறது. கருப்பை சுருங்குவதற்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளே குடலையும் இளக்குகிறது என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான், முதல் நாள் ஓட்டத்தில் வயிறு கலங்குவது ஏன் என்று புரிந்தது. பிரிட்டன் ஓட்டக்காரர் பாலா ராட்கிளிஃப் 2002 அக்டோபரில் சிகாகோவில் 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் மாரத்தான் உலகச் சாதனை படைத்தபோது, கடைசிப் பகுதியை மாதவிடாய் வலியோடுதான் ஓடினார். வலி இருந்தால் ஓடக் கூடாது என்றும் இல்லை, ஓடியே தீர வேண்டும் என்றும் இல்லை.

ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வையுங்கள். வலிக்குப் போடும் மெஃபெனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை விழுங்கிவிட்டு வெயிலில் நெடுந்தொலைவு ஓடக் கூடாது. உடலில் நீர் வற்றிய நிலையில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மாத்திரை தேவைப்படும் அளவுக்கு வலி இருக்கும் நாளில் நான் மாலையில் மெதுவாக நடப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை

எந்த வாரத்தில் எப்படி ஓடுவது என்பதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, மாதவிடாயே நின்றுபோன பெண்களைப் பற்றித்தான். என் பள்ளியில் 3000 மீட்டர் ஓடும் மாணவி ஒருத்தி, மாவட்டப் போட்டியில் வென்ற பிறகு பயிற்சியைத் தானாகவே கூட்டிக்கொண்டாள். காலையில் வெறும் வயிற்றில் அரசலாற்றங்கரையில் ஓடிவிட்டு நேரே வகுப்புக்கு வந்துவிடுவாள்; உடல் எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரவிலும் சோற்றைக் குறைத்திருந்தாள். முதலில் அவளுடைய நேரம் உண்மையாகவே குறைந்தது. அதன் பிறகு கணைக்கால் எலும்பில் ஓரிடத்தில் மட்டும் விரல் வைத்தால் துடிக்கும் வலி வந்தது. நான் தனியே அழைத்து, கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்டபோது அவளால் மாதத்தைக்கூட நினைவுகூர முடியவில்லை.

வீட்டுக்குச் சென்று தாயிடம் பேசினேன். “ஓடுற பொண்ணுக்கு அது நின்னா நல்லதுதானே டீச்சர், போட்டி நேரத்துல தொல்லை இல்லையே” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கடுமையாகப் பயிற்சி செய்தால் மாதவிடாய் நிற்பது இயல்பு என்று பயிற்சியாளர்களே பெண்களிடம் சொல்லிவந்திருக்கிறார்கள். அது தவறு, அதை உரக்கச் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களைப் போன்றவர்களுடையது. உண்ணும் உணவு ஓட்டத்துக்கும் உயிர்வாழ்வுக்கும் சேர்ந்து போதாதபோது, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் சினைப்பையைத் தூண்டும் சைகைகளைக் குறைத்துக்கொள்கிறது. எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனின் சுரப்பு குறைகிறது. எலும்பு தேயத் தொடங்குகிறது. எலும்பின் வலிமையில் பெரும்பகுதி சேர்வது இருபது வயதுக்குள்தான் என்பதால் பதினாறு வயதில் இழப்பதை முழுவதும் மீட்பது கடினம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இந்நிலைக்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது. 2023-ல் அதைப் புதுப்பித்தது.

தாய்க்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் கொழுப்பு நீங்கலாக 36 கிலோ இருப்பதாகக் கொண்டால், ஓட்டத்துக்குச் செலவானது போக நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி மிஞ்ச வேண்டும். அது 1,100-க்கும் கீழே தொடர்ந்து இறங்கினால் சுழற்சி குலையும் வாய்ப்பு மிகுதி. அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். 10 கிலோமீட்டர் ஓடவே ஏறத்தாழ 450 கலோரி தேவை. ஆகவே அந்தப் பெண்ணுக்கு ஓடும் நாளில் 2,000 கலோரிக்கு மேல் உணவு வேண்டும். அவள் உண்டதோ அதில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும். நெல் விளையும் பூமியில் ஒரு பிள்ளை சோற்றுக்கு அஞ்சி ஓடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எடுத்த எக்ஸ்-ரேயில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பு நுண்முறிவு தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போவதுண்டு என்பதால், வலி இருந்தும் “ஒன்றுமில்லை” என்று கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். ஓட்டத்துக்கு முன் வாழைப்பழம், முடிந்ததும் வேர்க்கடலையும் முட்டையும், மாலையில் எள்ளுருண்டை, வாரத்தில் சில நாள் நல்லெண்ணெய் ஊற்றிய உளுந்தங்களி என்று வீட்டிலேயே கிடைப்பதைக் கொண்டு தாய் உணவைக் கூட்டினார். மாதவிடாய் திரும்பி வரப் பல மாதங்கள் ஆயின. பழைய நேரத்தை அவள் இன்னும் எட்டவில்லை, வலியின்றி ஓடுகிறாள்.

மன்னார்குடியிலிருந்து ஓர் ஆய்வகப் பணியாளர்

உடற்கல்வி ஆசிரியை சொன்னதோடு இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். களைப்பாக இருக்கிறது, கால் கனக்கிறது, பயிற்சி செய்தும் வேகம் வரவில்லை என்று சொல்லி ஓட்டக்காரப் பெண்கள் என்னிடம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வருகிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஒரு மாதவிடாயில் வழக்கமாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறும். ஒரு மில்லிலிட்டரோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அது மிகைப்போக்கு. இதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை பேடு மாற்ற வேண்டியிருந்தாலும், ஏழு நாளைத் தாண்டினாலும், பெரிய கட்டிகளாக வெளியேறினாலும் அதை மிகைப்போக்கு என்று கொள்ளலாம்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. அதைக் காட்டுவது ஃபெரிட்டின் சோதனை. ஓடும் பெண்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நம் பகுதிக்கு உரிய இன்னொரு காரணமும் உண்டு. செருப்பில்லாமல் சேற்றில் நடப்பவர்களின் பாதம் வழியே கொக்கிப்புழு உடலுக்குள் நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. புழு இருக்கும்வரை எவ்வளவு கீரை தின்றாலும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான். முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள். அசைவம் உண்பவர்களுக்குச் சுவரொட்டி நல்லது. இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கும் பழக்கத்தை மட்டும் கும்பகோணத்து மக்கள் உட்பட அனைவரும் விட்டுவிட வேண்டும். காபியும் தேநீரும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கின்றன, குறைந்தது ஒரு மணிநேர இடைவெளி வேண்டும்.

திருத்துறைப்பூண்டி அருகிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

என் அம்மா நடவுக்குப் போகிறவர். நாள் முழுவதும் குனிந்து, முழங்கால் அளவு சேற்றில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவது எந்த ஓட்டத்துக்கும் குறைந்த உழைப்பன்று. அந்த நாள்களில் துணி மாற்ற வயல்வெளியில் மறைவிடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார். சாலை ஓட்டப் போட்டிகளுக்குச் செல்லும்போது நானும் அதையே காண்கிறேன். வழியில் கழிவறை இல்லை என்பதற்காகப் பெண்கள் நீர் அருந்தாமல் ஓடுகிறார்கள். நீரின்றி ஓடினால் வேகம் குறையும், மயக்கம் வரும். பழியோ மாதவிடாயின் மீது விழுகிறது. போட்டி நடத்துவோர் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கழிவறையும் பேடு போட மூடியுள்ள கூடையும் வைத்தாலே எங்கள் நேரம் குறையும்.

காவலர் தேர்வு உடல்தகுதி நாளுக்காகவும், கோயில் திருவிழாவுக்காகவும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை என் தோழிகள் மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். அது நார்எத்திஸ்டிரோன் என்றும், எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும் என்றும், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும் என்றும் மகப்பேறு மருத்துவர் சொன்னார். இரத்தம் உறையும் தொல்லை இருந்தவர்களும் குடும்பத்தில் அது உள்ளவர்களும் தாமாக எடுக்கவே கூடாதாம். வயிறு உப்புவதும் மார்பு கனப்பதும் சிலருக்கு வரும் என்பதால், முக்கியமான போட்டியில் அதை முதன்முறையாக முயல்வது நல்லதன்று என்பது என் எண்ணம்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பயிற்சியாளர்

சகோதரிகள் எழுதிய அனைத்தையும் படித்தேன். ஆண் பயிற்சியாளராக இருப்பதால் பெண் பிள்ளைகள் என்னிடம் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். நான் நேரடியாகக் கேட்டால் பெற்றோர் தவறாகவும் எண்ணக்கூடும். ஆகவே வருகைப் பதிவேட்டில் ‘இலகு’ என்றொரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அதில் குறியிடும் எவரையும், ஆணாயினும் பெண்ணாயினும், காரணம் கேட்காமல் அன்று மெதுவாக ஓடவிடுகிறேன். சுழற்சியைக் குறிக்கும் நோட்டு, குழுவில் மூத்த மாணவி ஒருவரின் பொறுப்பில் இருக்கிறது; எவருக்கேனும் தொடர்ந்து வராமல் இருந்தால் மட்டும் அவர் அந்தப் பெண்ணின் தாயிடம் சொல்கிறார். கடற்கரை மணலில் மாலைக் காற்றில் செய்யும் பயிற்சியைச் சூடு தாங்காத நாள்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். மாதவிடாய் வராவிட்டால் எத்தனை நாள் வரை பொறுக்கலாம், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் யாராவது தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மன்னார்குடி ஆய்வகப் பணியாளரின் மறுமொழி

அண்ணா, எங்கள் மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகளைத் தருகிறேன். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரையிலான சுழற்சி இயல்பானது. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை போகலாம். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராமல் நின்றாலோ, 15 வயது நிறைந்தும் பூப்பெய்தாவிட்டாலோ, போட்டிகள் முடியட்டும் என்று காத்திராமல் அனுப்புங்கள். திருமணமான பெண்ணாக இருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். தைராய்டு, புரோலாக்டின் என்னும் ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றையும் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஓட்டமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை சோதனைகள். ஒரே இடத்தில் எலும்பு வலியும் சேர்ந்திருந்தால் மூன்று மாதம்கூடப் பொறுக்க வேண்டாம். அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.