கால் வலி மனசு செய்கிற வேலையா? 60 பேரை வைத்து முடிவு கட்டாதீர்கள்

கம்பத்து லைன்மேன்:
நேற்று இன்னொரு இழையில் நம்ம ராஜபாளையம் மருந்தாளுநர் எழுதியது இது: "கொழுப்பு மாத்திரையால் கால் வலி என்று வருகிறவர்களின் தொந்தரவில் பத்துக்கு ஒன்பது பங்கு மனசு செய்கிற வேலை. இங்கிலாந்தில் நிரூபித்துவிட்டார்கள்." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அங்கே பதில் எழுதினால் நடுவில் புதைந்துவிடும், அதனால் தனி இழை.

எனக்கு வயது 63. மின்வாரியத்தில் 31 வருடம் கம்பம் ஏறி இறங்கிய கால் இது. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 168 என்று, அதைக் குறைக்க அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஆரம்பித்தது. மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதே என்று ஏறினேன், இரண்டாவது மாடித் திருப்பத்தில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். தண்ணீர் வழிகிற சத்தம் கேட்கிறது, ஒரு படி ஏற முடியவில்லை. மாத்திரையை நிறுத்தி 12 நாளில் வலி போனது.

இது மனசா? அந்த ஆராய்ச்சியையும் தேடிப் படித்தேன். மொத்தம் எத்தனை பேர் தெரியுமா? 60 பேர். எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் அதைவிட அதிகம் பேர் நிற்பார்கள்.

ராஜபாளையம் மருந்தாளுநர்:
அண்ணாச்சி, வலி பொய் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வலி நிஜம், காரணம் மாத்திரைதானா என்பதே கேள்வி. அந்த ஆராய்ச்சியை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

லண்டனில் செய்தது, 2020-ல் வெளியானது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை, அதாவது இந்த வகைக் கொழுப்பு மாத்திரையை, ஏற்கனவே விட்டவர்களை மட்டும் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 புட்டி. நான்கில் அடோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நான்கில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, நான்கு காலிப் புட்டி. மாதம் ஒன்று, மாற்றி மாற்றி. தொந்தரவு எவ்வளவு என்று தினமும் நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலி மாதத்தில் சராசரி 8. வெறும் மாத்திரை மாதத்தில் 15.4. ஸ்டாட்டின் மாதத்தில் 16.3. மாத்திரை என்று ஒன்றை விழுங்கினாலே தொந்தரவு கிட்டத்தட்ட அவ்வளவு ஏறுகிறது. 90 சதவீதம் என்பது இங்கிருந்து வந்த கணக்கு. முடிவைக் காட்டிய பிறகு அதில் பாதிப் பேர் திரும்ப மாத்திரையை ஆரம்பித்தார்கள்.

60 பேர்தான். ஆனால் ஒவ்வொருவரையும் அவரவரோடேயே ஒப்பிட்டது. ரேஷன் வரிசைக் கணக்கு இங்கே செல்லாது.

கம்பத்து லைன்மேன்:
நானும் அதையேதான் சொல்கிறேன். 60 பேர். அதிலும் 12 மாதத்தை முழுதாக முடித்தவர்கள் 49 பேர். அதை ஏன் எழுதவில்லை? மீதி 11 பேர் எங்கே போனார்கள்? அவர்களுக்குக் கொடுத்தது 20 மி.கி., எனக்குக் கொடுத்தது 40 மி.கி. சைக்கிள் மோதியதையும் லாரி மோதியதையும் ஒரே கணக்கில் எழுதுகிறீர்கள்.

இரண்டு ஸ்டென்ட்:
லைன்மேன் சார், நான் சென்னை. 2018-ல் அட்டாக், இரண்டு ஸ்டென்ட். அன்றிலிருந்து 80 மி.கி., இப்போது 40. கால் வலி எனக்கும் இருந்தது, இன்னும் லேசாக இருக்கிறது. ஆனால் விடமாட்டேன். என் மைத்துனர் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை விட்டார். ஐந்தாவது மாதம் பாத்ரூமில் விழுந்தார், கதவை உடைத்துத் தூக்கினோம். உங்கள் பதிவைப் படித்து ஒருவர் நிறுத்தினால் யார் பொறுப்பு?

கம்பத்து லைன்மேன்:
உங்கள் மைத்துனருக்கு என் அனுதாபம். ஆனால் மாத்திரையை விட்டதால்தான் விழுந்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒரு ஆளை வைத்து ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லக்கூடாது.

கணக்கு டீச்சர்:
ஐயா, உங்கள் கெண்டைக்காலும் ஒரு ஆள் கெண்டைக்கால்தானே?

வந்ததற்கு ஒன்று கேட்கிறேன். 'பக்க விளைவு' என்று இங்கே ஆளுக்கொரு அர்த்தத்தில் எழுதுகிறீர்கள். மாத்திரை போடுகிற நாளில் வருகிற எல்லா வலியுமா, இல்லை மாத்திரை இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்கிற வலி மட்டுமா? இதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும். அப்புறம் நன்மை பற்றி யாருமே பேசவில்லை. 10,000 பேர் 5 வருடம் அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. போட்டால், ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களில் சுமார் 1,000 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தவிர்க்கப்படும் என்று லான்செட் மருத்துவ இதழில் 2016-ல் கணக்கிட்டிருந்தார்கள். நோய் இன்னும் வராமல், வரும் அபாயம் மட்டும் உள்ளவர்களில் சுமார் 500. எதிர்ப்பக்கம், புதிதாகச் சர்க்கரை வருகிறவர்கள் 50 முதல் 100 பேர், கடுமையான தசைப் பாதிப்பு 5 பேர். இரண்டு ஸ்டென்ட் ஐயாவுக்குக் கிடைக்கிற நன்மையும் லைன்மேன் ஐயாவுக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. தனித்தனியாகப் பேசலாமே?

கம்பத்து லைன்மேன்:
டீச்சரம்மா, 10,000 பேர் கணக்கு பெரிய கணக்கு. நான் கேட்டது சின்னக் கணக்கு. 60-ல் 49.

செக்காலைத் தம்பி:
இந்த மாத்திரையே தேவையில்லை அய்யா. நம் பாட்டன் பூட்டன் செக்கு எண்ணெயும் பூண்டும் தின்று நூறு வயது இருந்தார்கள். கொழுப்பு என்கிற பயத்தைக் கிளப்பியதே மருந்துக் கம்பெனி. வெளிநாட்டுக்காரனே இப்போது பூஞ்சை வளர்த்துப் புளிக்கவைத்த சிவப்பு ஈஸ்ட் அரிசிப் பொடிக்குப் போய்விட்டான். முழுக்க இயற்கை.

ராஜபாளையம் மருந்தாளுநர்:
தம்பி, சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கிற மொனகோலின்-கே என்பது லோவாஸ்டாட்டினேதான், ஒரே மூலக்கூறு. 1987-ல் அமெரிக்காவில் முதலில் அனுமதி வாங்கிய ஸ்டாட்டின் அது. அதற்கும் முன்னால், ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, பென்சிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து இந்த மருந்து இனத்தையே கண்டுபிடித்தார். அதுவும் இயற்கைதான். ஒரே மருந்து, பொடியாக வந்தால் அமிர்தம், அட்டையில் வந்தால் விஷமா? பொடியில் எத்தனை மி.கி. இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொல்வது?

செக்காலைத் தம்பி:
மருந்துக்கடை வைத்திருப்பவர் மாத்திரைக்குப் பரிந்து பேசாமல் வேறென்ன பேசுவார்.

ராஜபாளையம் மருந்தாளுநர்:
கடை என்னுடையது இல்லை, சம்பளத்துக்கு நிற்கிறேன். இந்த மாத்திரை விற்றால் எனக்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. செக்கு எண்ணெய் லிட்டர் என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று நானும் கேட்கலாம், கேட்கவில்லை.

நல்லூரான்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். செக்கெண்ணெய் என்று பொத்தாம் பொதுவாகக் கதைக்காதீர்கள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஒன்றில்லை. தேங்காயெண்ணெய் எல்டிஎல்லைக் கூட்டும். நாங்கள் மூன்று நேரமும் தேங்காய்ப்பாலில் சமைக்கிற சனம், எனக்கு அது சொல்ல வலிக்கிறது, ஆனால் உண்மை.

செக்காலைத் தம்பி:
தேங்காயைக் குறை சொல்பவன் தமிழனே இல்லை.

நல்லூரான்:
என் தமிழை அளக்க உங்களுக்கு யார் தராசு தந்தது?

மட்டுறுத்துநர்:
தேங்காய் பற்றித் தனி இழை இருக்கிறது. தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம்.

கம்பத்து லைன்மேன்:
தம்பி, நீங்கள் என் பக்கம் என்று நினைத்து எழுதுகிறீர்கள், வேண்டாம். நான் மருந்தே கூடாது என்கிற ஆள் இல்லை. பிரஷர் மாத்திரை ஒன்பது வருடமாகப் போடுகிறேன்.

மருந்தாளுநருக்கு இன்னொன்று. இங்கிலாந்து மருத்துவ இதழிலேயே 2013-ல் ஸ்டாட்டின் போடுகிறவர்களில் 18 முதல் 20 சதவீதம் பேருக்குப் பக்க விளைவு என்று கட்டுரை வந்ததே, அதை எந்தக் குப்பையில் போட்டீர்கள்? 2001-ல் செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை, ஆட்கள் தசை கரைந்து செத்ததால் பேயர் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டதே, அதுவும் மனசா?

ராஜபாளையம் மருந்தாளுநர்:
செரிவாஸ்டாட்டின் உண்மை. தசை சிதைந்து சிறுநீரகம் வரை போனது. நிறையப் பேர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதை யாரும் மறுக்கவில்லை, அதனால்தான் சந்தையில் இல்லை. ஆனால் அந்த 20 சதவீதத்தை எழுதியவர்களே 2014-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள் அண்ணாச்சி. மூலத் தரவைத் தவறாகப் படித்துவிட்டோம் என்று.

கம்பத்து லைன்மேன்:
கட்டுரையை நீக்கினார்களா?

ராஜபாளையம் மருந்தாளுநர்:
அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றார்கள். கட்டுரையை நீக்கத் தேவையில்லை என்று ஒரு குழு முடிவு செய்தது.

கம்பத்து லைன்மேன்:
நீக்கவில்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஸ்டென்ட்:
சார், இது கோர்ட் வாய்தா இல்லை. திரும்பப் பெற்ற எண்ணை நீங்கள் எடுத்து எழுதினீர்கள், தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே? 'இதயம் காப்போம்' என்ற அரசுத் திட்டத்தில் 2023-லிருந்து நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, நெஞ்சு வலி என்று வருகிறவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு இந்த அடோர்வாஸ்டாட்டினையும் கொடுக்கிறார்கள். வேலைக்கு ஆகாத மருந்தை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் யாராவது கொடுப்பார்களா?

கம்பத்து லைன்மேன்:
வேலைக்கு ஆகாது என்று நான் எழுதிய இடத்தைக் காட்டுங்கள். 1994-ல் வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வையும் படித்திருக்கிறேன். இதய நோயாளிகள் 4,444 பேர். வெறும் மாத்திரைப் பக்கம் 12 சதவீதம் பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாட்டின் பக்கம் 8 சதவீதம். உங்களுக்கு அது உயிர் மருந்து, விடாதீர்கள். எனக்கு அட்டாக் வரவில்லை. என்னை மாதிரி நோய் வராத ஆண்களிடம் ஸ்காட்லாந்தில் செய்ததில், ஐந்து வருடத்தில் மாரடைப்பு வந்தவர்களும் இதய நோயால் இறந்தவர்களும் 7.9 சதவீதத்திலிருந்து 5.5 ஆனார்கள். அதை '31 சதவீதம் குறைந்தது' என்று தமுக்கடிப்பார்கள். நூறு பேரில் இரண்டரைப் பேர் என்று சொன்னால் யார் மாத்திரை வாங்குவார்கள்? நன்மையைச் சொல்ல ஒரு அளவுகோல், வலியைச் சொல்ல இன்னொரு அளவுகோல். டாக்டர் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதினார், கால் வலி என்று போனால் "நெட்டில் படித்தீர்களா?" என்று கேட்டார். நான் அதுவரை படித்தே இருக்கவில்லை! அதற்கு அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கணக்கு டீச்சர்:
இது நல்ல கேள்வி ஐயா. இதைத்தான் நானும் மேலே சொன்னேன்.

ராஜபாளையம் மருந்தாளுநர்:
டாக்டர் அப்படிக் கேட்டது தப்பு. அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் 60 பேர் பிடிக்கவில்லை என்றால் பெரியதைத் தருகிறேன். 2022-ல் ஆக்ஸ்போர்டு குழு 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, 1,23,940 பேர். யார் எதைப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டவர்கள். தசை வலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் 27.1 சதவீதம், வெறும் மாத்திரைப் பக்கம் 26.6. வித்தியாசம் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான்.

கம்பத்து லைன்மேன்:
முதல் வருடத்தில் வித்தியாசம் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கு வந்தது மூன்றாவது வாரம். நன்றி.

ராஜபாளையம் மருந்தாளுநர்:
உங்களுக்கு மாத்திரையால் வந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லையே. அதனால்தான் கேட்கிறேன். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறுகிற சிபிகே பார்த்தீர்களா? தைராய்டு பார்த்தீர்களா? தைராய்டு குறைந்தால் எல்டிஎல்லும் ஏறும், தசையும் வலிக்கும், இரண்டுக்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம். 40-ஐ 10 ஆக்கியோ, ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.க்கு மாற்றியோ பார்த்தார்களா? அந்த மூன்றாவது வாரத்தில் வேறு மாத்திரை ஏதாவது போட்டீர்களா?

கம்பத்து லைன்மேன்:
இந்த ஆள் என்னை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறார். போன பொங்கல் சமயம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பற்றிய இழையிலும் இதே வேலை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வராது, என்னிடம் பத்துக் கேள்வி வரும். அப்போது நான் காட்டிய கணக்குக்கு இன்றுவரை பதில் இல்லை, இரண்டு நாள் காணாமல் போனீர்கள். சிபிகே பார்த்தேன், 140, சாதாரணம். தைராய்டு பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. வேறு மாத்திரை என்றால், இருமலுக்கு ஐந்து நாள் ஏதோ போட்டேன். அதற்கும் காலுக்கும் என்ன?

ராஜபாளையம் மருந்தாளுநர்:
அந்த இரண்டு நாள் என் மகளுக்குக் கல்யாணம். பொங்கல் கழிந்து தை முகூர்த்தம். இழையிலேயே அழைப்பும் போட்டிருந்தேன்.

அண்ணாச்சி, அந்த இருமல் மாத்திரை கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கா? அது அடோர்வாஸ்டாட்டினை ஈரல் கழித்து வெளியேற்றுவதைத் தடுக்கும். ரத்தத்தில் அளவு ஏறிவிடும். நீங்கள் போட்டது 40 இல்லை, அதற்கு மேலே போன மாதிரி. அப்படியானால் உங்கள் வலி மாத்திரையால் வந்ததாகவே இருக்கலாம், ஆனால் திரும்பப் போட்டால் வராமலும் இருக்கலாம்.

இரண்டு ஸ்டென்ட்:
சார், இது முக்கியம். தயவுசெய்து பாருங்கள்.

செக்காலைத் தம்பி:
ஒரு மாத்திரை போட்டால் இன்னொன்று ஆகாது, அதற்கு மூன்றாவது டெஸ்ட். பூண்டுக்கு இந்தத் தொல்லை உண்டா?

நல்லூரான்:
ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறவருக்குப் பூண்டு மாத்திரையும் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும் தம்பி. தெரியாததைக் கதைக்க வேண்டாம்.

கம்பத்து லைன்மேன்:
இப்போது 'மாத்திரையால் வந்ததாகவே இருக்கலாம்' என்கிறார். நேற்று மனசு என்றார். ஒரே நாளில் மனசு ஈரலுக்கு இறங்கிவிட்டது.

ராஜபாளையம் மருந்தாளுநர்:
பத்தில் ஒன்பது என்றேன். மீதி ஒரு பங்கில் உங்கள் வலி இருக்கலாம் என்றுதான் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அட்டையில் என்ன பெயர் என்று மட்டும் சொல்லுங்கள்.

கம்பத்து லைன்மேன்:
அட்டை வீட்டில் டிவி மேஜை டிராயரில் எங்காவது கிடக்கும். நீங்கள் சொன்னதற்காகத் தேடுகிற வேலை எனக்கு இல்லை. முதலில் என் கேள்விக்குப் பதில் வரட்டும். 60 பேரில் ஆரம்பித்து 49 பேர்தான் முடித்தார்கள். மீதி 11 பேர் ஏன் விட்டார்கள்? கால் வலியா, இல்லையா?