மலிவு மொடம் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: கொழும்பு அனுபவங்கள்
(வீட்டுத் தொலைபேசி லைனில் கம்பியூட்டரை இணையத்தோடு இணைக்கும் கருவிதான் மொடம். அப்படி டயல் செய்து இணையம் பார்த்த காலத்தில் எழுதியவை இவை.)

வெள்ளவத்தையிலிருந்து:
அக்காவின் மகனுக்கு மொடம் தேடி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாப் பெட்டியிலும் 56கே (வினாடிக்கு 56 கிலோபிட் வேகம்) என்றுதான் போட்டிருக்கிறது, விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். கம்பியூட்டருக்குள் பூட்டும் மொடம் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆக மலிவானதில் சிப்புகள் குறைவு. தொலைபேசி ஒலியைத் தரவாக மாற்றும் வேலையை அது செய்வதில்லை. விண்டோஸில் போடும் ட்ரைவர் மென்பொருள் வழியாக உங்கள் ப்ரொசசர்தான் செய்கிறது. வின்மொடம் என்பது இதுதான். பென்டியம் 3 வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், நல்ல மிச்சம். மருமகனிடம் இருப்பதோ வேகம் குறைந்த பழைய பென்டியம் 100. கடைத் தம்பி அதைக் கேட்டதுமே, "அண்ணா, உங்கட மெஷினுக்கு இது சரிவராது, லைன் அடிக்கடி அறுந்திடும்" என்று தானாகவே சொன்னார். விற்றுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மொடம் வாங்கினோம். விலை கூடத்தான், ஆனால் லினக்ஸிலும் ஓடுகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
வெளி மொடத்துக்கு நானும் ஒரு வாக்குப் போடுகிறேன், ஆனால் என் காரணம் இடி. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இங்கே எப்படி இடிக்கும் என்று தெரியும்தானே. பக்கத்து வீட்டில் மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து, உள்ளே பூட்டிய மொடத்தோடு மதர்போர்டையும் எரித்துவிட்டது. கம்பியூட்டரை நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். மின்சார ப்ளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். கடையில் உத்தரவாதம் கேட்டபோது, மின்னல் அதில் அடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

தெஹிவளையிலிருந்து:
எங்கள் வீட்டில் அன்டெனா வைத்த கம்பியில்லாத் தொலைபேசி. நல்ல மொடம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தும் வேகம் ஏறவில்லை. 56கே மொடங்களுக்காக 1998இல் வந்த வி.90 என்ற தர முறையில் அந்த வேகத்தை நெருங்க, இணைய நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரேயொரு இடத்தில்தான் டிஜிட்டல் அனலொக்காக மாறலாம். கம்பியில்லா இணைப்பில் குரலைச் சுருக்கி அனுப்பித் திரும்ப விரிப்பதால் அந்த வேகம் கிடைப்பதில்லை. இப்படியான லைன் உள்ளவர்கள் மொடத்துக்கு அதிக காசு கொடுக்க வேண்டாம், தயவுசெய்து. கம்பி லைனில்கூட வி.90 மொடம் அனுப்பும் பக்கம் 33.6கேதான். அதற்கு அடுத்து வந்த வி.92 மொடம் வாங்குவதென்றால், உங்கள் இணைய நிறுவனமும் அதைத் தருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
ஃப்ளாட்டில் கட்டடத்துக்கென்று வைத்த சிறு தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வழியாக லைன் வருபவர்களுக்கு ஒன்று. டயல் டோன் இல்லை என்று மொடம் அடம்பிடித்தால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மொடம் செட்டிங்கில் ஏடிஎக்ஸ்3 (ATX3) என்று கட்டளை கொடுங்கள், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். எங்களுக்கு அப்படித்தான் சரிவந்தது.