பே டு வின்: ‘பணச்சாய்வு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கைபேசி, கணினி ஆட்டங்களில் காசு போட்டவர் கூடுதல் வலுவோடு ஆடுவதை ஆங்கிலத்தில் ‘பே டு வின்’ (pay to win) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், உட்கார்ந்து எழுத இன்றுதான் முடிந்தது. இதுவரை காசுவெற்றி, செலுத்திவெல், பணவாட்டம், பணக்கோட்டம் என்று நான்கு வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

> வெற்றியைக் காசு கொடுத்து வாங்குவதுதானே, ‘காசுவெற்றி’ போதும். இதற்கு மேல் ஏன் இழுக்க வேண்டும்?

இழுக்கத்தான் வேண்டும் ஐயா. வெற்றியை இந்த ஆட்டங்களில் யாரும் விற்பதில்லை, சிக்கலே அங்கேதான். கிளாஷ் ராயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபின்லாந்தின் சூப்பர்செல் 2016இல் வெளியிட்டது, இருவர் நேருக்கு நேர் மோதும் சீட்டு ஆட்டம். அதில் மஸ்கெட்டியர் என்றொரு துப்பாக்கிக்காரி, ஃபயர்பால் என்றொரு தீப்பந்து. எதை இறக்கினாலும் 4 எலிக்சிர்தான் (சீட்டை இறக்க ஆட்டத்துக்குள் செலவாகும் சக்தி) செலவு. சீட்டின் லெவலைப் பல மாதம் ஆடியும் ஏற்றலாம், காசு போட்டுச் சீக்கிரமாகவும் ஏற்றலாம். இந்த இரண்டு சீட்டும் ஒரே லெவலில் இருந்தால், தீப்பந்து நேராக மேலே விழுந்தாலும் அவள் கொஞ்சம் உயிரோடு தப்பித்து நின்று சுடுவாள். தீப்பந்து ஒரே ஒரு லெவல் கூடுதலாக இருந்தால் அந்த அடியிலேயே ஆள் காலி. ஒரு லெவலுக்கு வலிமை ஏறத்தாழ 10 சதவீதம் ஏறும், அவள் பிழைப்பதும் சாவதும் அந்த 10 சதவீதத்தில்தான் இருக்கிறது. எதிராளி வீசிய நேரம், இடம், செலவு எல்லாம் நாம் வீசுவது மாதிரியேதான். ஆனாலும் அவன் வெற்றியை வாங்கிவிடவில்லை, அடுத்த நிமிடம் சொதப்பினால் தோற்கவும் செய்வான். லெவல் குறைந்த சீட்டுகளை வைத்துக்கொண்டு ஜெயிக்கிற கெட்டிக்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

‘வெற்றி’யையோ, ‘செலுத்திவெல்’ மாதிரி ‘வெல்’லையோ சொல்லுக்குள் வைத்தால் விற்பவர்களுக்கு வசதியாகிவிடும். “பாருங்கள், காசு போட்டவரும் தோற்கிறாரே, அப்புறம் எப்படி இது காசுவெற்றி?” என்று ஒரே வரியில் தட்டிவிடலாம். ஆங்கிலச் சொல்லிலும் இதே ஓட்டை உண்டு. அந்த ஓட்டையையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் எட்டாவது படிக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து ஒரு துப்பாக்கி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான், பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுவருக்குப் பின்னால் சரியாகப் பதுங்கி, எதிரி தலையை நீட்டியதும் முதலில் சுட்டது இவன்தான். ஆனால் விழுந்ததும் இவன்தான். கட்டைவிரலைத் திரையிலிருந்து எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டே, “அவன் டாப்-அப் போட்டவன் மாமா” என்றான், அதாவது ஆட்டத்துக்குள் காசு கட்டியவன். நான் “போங்கு ஆட்டமா?” என்று கேட்டேன். “இல்ல மாமா, போங்கு இல்ல, கேமே அப்படித்தான்” என்றான். கோபம்கூட இல்லாமல் அவன் அதைச் சொன்ன விதம் எனக்கு வலித்தது. தெருவில் கோலி ஆடும்போது யாராவது கோட்டைத் தாண்டி வந்து அடித்தால் நாம் சண்டைக்குப் போவோம், ‘போங்கு’ என்று கத்த ஒரு சொல் கையில் இருந்தது. இந்தப் பையனுக்கு விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. விதிக்குள்ளேயே இருக்கும் அநியாயத்தைச் சுட்ட அவன் கையில் சொல் இல்லை. அதனால்தான் இந்த இழையை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன்.

‘போங்கு’, ‘அழுகுணி ஆட்டம்’ இரண்டையும் நானும் யோசித்துப் பார்த்தேன். இரண்டும் விதியை மீறுவதைத்தான் குறிக்கும், அதனால் விட்டுவிட்டேன்.

‘பணவாட்டம்’ (பணம் + ஆட்டம்) ரம்மியோடு குழம்பும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுத்தது, மின்விளையாட்டையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் அனுமதித்தது. பணம் வைத்து ஆடுவது வேறு, பணம் போட்டு வலுவாவது வேறு. முதலாவதில் போட்ட காசு திரும்பி வரலாம் என்ற ஆசை இருக்கிறது, இரண்டாவதில் காசு போனது போனதுதான். இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சொல் வைத்தால் செய்தி எழுதுபவர் தடுமாறுவார்.

‘பணக்கோட்டம்’ உண்மையில் அழகான சொல். கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல்; கொடுங்கோலும் அந்த வழி வந்ததுதான். பரிந்துரைத்த அம்மாவின் ஆழத்தை மதிக்கிறேன். ஆனால் இன்றைக்குக் ‘கோட்டம்’ என்றால் வள்ளுவர் கோட்டமும் வருவாய்க் கோட்டமும்தான் மனதில் வரும். பதினான்கு வயதுப் பையனுக்கு விளக்கவுரை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதே கருத்தை இன்றைய சொல்லில் வைத்தால் ‘சாய்வு’. தராசு சாய்கிறது, தீர்ப்பு ஒரு பக்கம் சாய்கிறது என்று அன்றாடம் சொல்கிறோம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நேர்கோட்டின் சாய்வு என்று படித்ததும் இந்தச் சொல்தான், ஆகவே அதற்கு அளவு உண்டு என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். எனக்கு இதுதான் பெரிய காரணம். ‘காசுவெற்றி’ என்றால் ஒரு ஆட்டம் அப்படிப்பட்டது அல்லது அப்படிப்பட்டதில்லை, இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். பணச்சாய்வு என்றால் ‘கூடியது’, ‘குறைந்தது’, ‘போன அப்டேட்டுக்குப் பிறகு ஏறிவிட்டது’ என்றெல்லாம் பேச முடிகிறது. கிளாஷ் ராயலில் சீட்டின் உச்ச லெவல் 13ஆக இருந்தது, 2021இல் 14, 2022இல் 15. உச்சியைத் தொட்டவர்கள் மறுபடி ஏற வேண்டியதாயிற்று, காசு போடுபவர் முதலில் ஏறினார். பணச்சாய்வு ஏறியது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். எல்லோருக்கும் ஒரே லெவல் வைத்து நடத்தும் போட்டிகளும் அதே ஆட்டத்துக்குள் உண்டு, அங்கே பணச்சாய்வு இல்லை என்றும் சொல்லலாம்.

> காசு போடாதவரும் பல மாதம் ஆடினால் அதே லெவலுக்கு வரலாமே. அது எப்படி அநியாயம்?

நல்ல கேள்வி. நிறுவனங்களும் இதைத்தான் சொல்கின்றன. 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 வந்தபோது (அது இலவச ஆட்டம்கூட இல்லை, முழு விலை கொடுத்து வாங்கியது) டார்த் வேடர் என்ற புகழ்பெற்ற வில்லனைத் திறக்க 60,000 கிரெடிட் (ஆட்டத்துக்குள் புழங்கும் காசு) ஆடிச் சேர்க்க வேண்டும் என்று வைத்தார்கள். கிரெடிட் கிடைக்கும் பெட்டிகளைக் காசுக்கும் வாங்கலாம். ஆட்டக்காரர்கள் கொந்தளித்ததும் அந்த 60,000ஐ 75 சதவீதம் குறைத்தார்கள், வெளியீட்டுக்குச் சற்று முன் காசுக்கு விற்பதையே நிறுத்திவைத்தார்கள். ஆடிச் சேர்க்க வேண்டிய தூரத்தை இழுத்து வைப்பதும் அவர்கள்தான், குறுக்கு வழிக்கு விலை வைப்பதும் அவர்கள்தான். இதற்கும் சொல் வேண்டும். ஆடிய நேரத்தால் மட்டும் வரும் கூடுதல் வலுவை நேரச்சாய்வு எனலாம். வேலைக்குப் போகிறவருக்கும் லீவில் இருக்கும் மாணவருக்கும் நடுவே இருப்பது அது. நேரச்சாய்வைக் காசால் தாண்ட விட்டால் அது பணச்சாய்வாகிவிடுகிறது. இரண்டு சொல்லும் ஒரே வேரில் இருப்பதால் இந்த உறவு கண்ணுக்குத் தெரிகிறது.

தோற்றத்தை மட்டும் மாற்றும் பொருட்களுக்கு ‘ஒப்பனை’ என்று முன்பே பேசி முடித்துவிட்டோம். டோட்டா 2 அந்த வகை, எல்லா வீரர்களும் எல்லோருக்கும் இலவசம், விற்பது உடையும் அலங்காரமும். ஆனால் ‘ஸ்கின்’ என்று பெயர் இருந்தாலே ஒப்பனை என்று எழுதிவிடாதீர்கள். ஃப்ரீ ஃபயரில் துப்பாக்கி ஸ்கின்னுக்கே சேதம், சுடும் வேகம், ரீலோட் வேகம் ஆகியவை கூடிக் குறையும். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆட்டத்தின் எண்கள் மாறுகின்றனவா என்று பார்த்து எழுத வேண்டும்.

லூட் பாக்ஸுக்குக் ‘கொள்ளைப்பெட்டி’ வேண்டவே வேண்டாம் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதுதான் அதன் குணம், 2018இல் பெல்ஜியம் அதைச் சூதாட்டமாகக் கருதியதும் அதனால்தான். குலுக்கல் சீட்டு நமக்குத் தெரியும், ‘குலுக்குப்பெட்டி’ என்றால் உடனே புரியும். ‘வேல்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும் பெரும் செலவாளிகளைத் திமிங்கலமாக்கவும் தேவையில்லை, ‘பெரிய கை’ என்று ஊரில் சொல்வது அப்படியே பொருந்தும்.

‘காசுச்சாய்வு’ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். பிள்ளைகள் ‘காசு’ என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் முதலில் வந்தது. சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பார்த்தேன், மூன்று சகரம் அடுத்தடுத்து வந்து நாக்கில் சிக்குகிறது. ‘பணச்சாய்வு’ வழுக்கிக்கொண்டு போகிறது.

விளக்கம் இப்படி வைத்திருக்கிறேன்: “பணச்சாய்வு – போட்டி ஆட்டத்தில், பணம் செலுத்தியவருக்கு அதே திறமையுள்ள மற்றவரைவிடக் கூடுதல் வலு கிடைக்கும்படி விதிகளிலேயே அமைந்திருக்கும் ஏற்றத்தாழ்வு.” ‘வலு’ என்பதற்கு ‘வாய்ப்பு’ பொருத்தமா என்று இலங்கை நண்பர்கள் சொன்னால் நல்லது, அங்கே பக்கச்சார்பு என்ற சொல் புழங்குவதால் ‘சாய்வு’ எப்படிக் கேட்கிறது என்றும் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துவிட்டு நம் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். பேட்டில் பாஸுக்கு (ஒரு பருவத்துக்குள் ஆடஆடப் பரிசுகள் திறக்கும் பட்டியல்) தனி இழை தொடங்கிவிடலாம், இதோடு சேர்த்தால் இரண்டும் குழம்பிவிடும்.