கல்லூரி வாசலில் தொங்கும் தேசியத் தரவரிசையை எப்படிப் படிப்பது?

கேள்வி: பெரம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். (அதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது என்பது தனிக்கதை.) சென்னை நகருக்குள்ளேயே இருக்கும் சிறிய கலைக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அரசு உதவி பெறும் காலைப் பிரிவில் இடங்கள் நிரம்பிவிட்டதால், பிற்பகலில் நடக்கும் சுயநிதிப் பிரிவில், அதாவது இரண்டாம் ஷிப்டில், சேரச் சொல்கிறார்கள். கல்லூரியின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை.

விவரம் கேட்கச் சென்ற அன்று வாசலில் இரண்டு ஃப்ளெக்ஸ் பேனர்கள் கட்டியிருந்தார்கள். ஒன்றில் என்.ஐ.ஆர்.எஃப். தேசியத் தரவரிசையில் 101 முதல் 150க்குள் இடம் என்றும், மற்றொன்றில் கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் ‘ஏ பிளஸ் பிளஸ்’ தரச்சான்று என்றும் இருந்தது. முதல் நூறுக்குள் வராத கல்லூரியில் சேர்ப்பதற்குப் பெண்ணைத் தொலைநிலைக் கல்வியில் படிக்க வைத்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். நாக் உச்சத் தரம் கொடுத்த கல்லூரியில் என்ன குறை இருக்கப்போகிறது என்கிறாள் என் மனைவி. ஒரு சான்றில் உச்சத்தில் இருக்கும் கல்லூரி இன்னொரு பட்டியலில் நூறுக்கு வெளியே நிற்பது எப்படி? மூன்று ஆண்டு வரலாறு படிக்கப்போகும் பெண்ணுக்கு இந்த எண்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வில் இருப்பவன்

ஐயா, நான் வேறோர் அரசு உதவி பெறும் கல்லூரியில் தமிழ்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடைசிச் சில ஆண்டுகள் என்.ஐ.ஆர்.எஃப். விவரங்களைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நாக் வேறு, தரவரிசை வேறு. நாக் என்பது 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஏற்படுத்திய, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மதிப்பீட்டு அமைப்பு. அது கல்லூரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்லை. ஏழு அளவுகோல்களில் மதிப்பிட்டு, நான்குக்கு இவ்வளவு என்று புள்ளி தருகிறது. 3.51ம் அதற்கு மேலும் பெற்றால் ஏ பிளஸ் பிளஸ். பத்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வேண்டுமானாலும் 90க்கு மேல் வாங்கலாம் அல்லவா, அதைப் போன்றது இது. சான்று பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், பேனரில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் லஞ்ச வழக்கு ஒன்றில் நாக் ஆய்வுக் குழு உறுப்பினர்களையே சி.பி.ஐ. கைது செய்த செய்தியும் நினைவிருக்கலாம். எல்லாச் சான்றும் அப்படி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சான்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என்.ஐ.ஆர்.எஃப். 2015இல் மத்திய அரசு அறிவித்த திட்டம். முதல் பட்டியல் 2016இல் வந்தது, கல்லூரிகளுக்கென்று தனிப்பட்டியல் 2017 முதல் வருகிறது. இது ஓட்டப்பந்தயம், அதிலும் பெயர் கொடுத்தவர்களுக்குள் மட்டும் நடக்கும் பந்தயம். நாட்டில் 40,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. 2024இல் கலந்துகொண்டவை மூவாயிரத்துச் சொச்சம்தான். முதல் நூறுக்குப் பிறகு வரிசை எண் கிடையாது. 101 முதல் 150 வரையுள்ள கல்லூரிகளை அகர வரிசையில்தான் அடுக்கியிருப்பார்கள் என்பதால், அந்த ஐம்பதில் உங்கள் கல்லூரி முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்று வெளியிட்ட பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மதிப்பெண் ஐந்து தலைப்புகளில் விழுகிறது: கற்பித்தலும் வளங்களும், ஆராய்ச்சி, தேர்ச்சியும் வேலைவாய்ப்பும், அனைவரையும் உள்ளடக்குதல், மற்றவர்கள் வைத்திருக்கும் அபிப்பிராயம். கற்பித்தலுக்கு 40 விழுக்காடு என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். அதற்குள் மாணவர் எண்ணிக்கைக்கே தனி மதிப்பெண் உண்டு. ஆகவே இருநூறு பேரைச் சேர்க்கும் கல்லூரி இரண்டாயிரம் பேரைச் சேர்க்கும் கல்லூரியிடம் வாசலிலேயே கொஞ்சம் தோற்றுவிடுகிறது. உள்ளடக்குதலில் வெளிமாநில மாணவர்களுக்கு மதிப்பெண் உண்டு. வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் பிள்ளைகள் வரும் கல்லூரிக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? ஏழை மாணவர்களுக்கென்று வேறொரு பகுதியில் மதிப்பெண் கிடைக்கும் என்றாலும் இந்த இழப்பை அது முழுவதும் ஈடுகட்டுவதில்லை.

ஆராய்ச்சிப் பகுதி என்னை வருத்தியதைப் போல் வேறெதுவும் வருத்தியதில்லை. கட்டுரைகளின் எண்ணிக்கையை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய சர்வதேச ஆய்விதழ்த் தரவுத்தளங்களிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். என் துறைத் தோழர் ஒருவர் விடுமுறை நாட்களையெல்லாம் சுவடி நூலகத்தில் கழித்து, செல்லரித்த ஏடுகளைப் பெயர்த்தெழுதி, நான்கு ஆண்டுகளில் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். தமிழில் வந்த அந்தப் புத்தகத்துக்குத் தரவரிசையில் சுழியம். அதே ஆண்டில் எங்கள் வேதியியல் துறை வெளியிட்ட கட்டுரைகள்தாம் கல்லூரியைத் தூக்கிப் பிடித்தன. வரலாறு, தமிழ், தத்துவம் என்று இயங்கும் சிறிய கல்லூரி இந்தக் கணக்கில் பின்தங்குவதற்கும் அங்கே பாடம் எப்படி நடக்கிறது என்பதற்கும் தொடர்பு குறைவு.

ஆகவே எண்ணை விட்டுவிட்டு, அந்த எண்ணுக்காகக் கல்லூரி அனுப்பிய விவரத்தைப் படியுங்கள். அதைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மூன்றே ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாக இருக்கும். ஆசிரியர் பட்டியல் இருந்தால் கல்வித் தகுதி, மாதக் கணக்கில் அனுபவம், பணியில் சேர்ந்த தேதி ஆகியவற்றைப் பாருங்கள். பேனரைவிட அந்தச் சேர்ந்த தேதி அதிகம் பேசும்.

பதில்: முதல் பட்டதாரி

பேராசிரியர் ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் தரவரிசையால் பயனே இல்லை என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. நானும் சென்னையில் ஒரு சிறிய கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவள், என் வீட்டில் முதல் பட்டதாரி. எங்கள் கல்லூரி பட்டியலில் இடம்பிடித்த பிறகுதான், அதுவரை எட்டிப் பார்க்காத இரண்டு நிறுவனங்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தன. வெளிமாநிலத்தில் எம்.ஏ. நேர்காணலுக்குப் போனபோது, “அது எந்தக் கல்லூரி?” என்று கேட்டவரிடம் சொல்ல ஒரு வரி இருந்தது. பெரிய பெயர் கொண்ட கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியாது.

என் மனக்குறை வேறு. பட்டம் முடித்த மறு ஆண்டு, தரவரிசைக்கு அனுப்பும் விவரத்துக்காகத் துறையிலிருந்து ஒரு மேடம் அழைத்தார். 29சி பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்தாயா, சம்பளம் எவ்வளவு, நியமனக் கடிதத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். நான் அப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். “அப்படியானால் உன்னை எந்தக் கட்டத்திலும் போட முடியாதேம்மா” என்றார், பாவம், அவரே வருத்தமாகத்தான் சொன்னார். எங்கள் வகுப்பில் அப்படிப் படித்துக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் இருப்போம். வேலை, மேற்படிப்பு, இடைநிலைச் சம்பளம் (மீடியன்) என்ற கணக்கில் நாங்கள் யாரும் வரமாட்டோம். உங்கள் மகள் அரசுத் தேர்வு எழுத நினைத்தால், போன ஆண்டு அந்தத் துறையிலிருந்து எத்தனை பேர் தேர்வில் வென்றார்கள் என்று நேரில்தான் கேட்க வேண்டும்.

பதில்: சேப்பாக்கம்

உங்கள் மைத்துனருக்கு இரண்டு செய்திகள். 1840இல் தொடங்கிய நம் சென்னை மாநிலக் கல்லூரி (பிரசிடென்சி) 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டிலேயே மூன்றாம் இடம் பெற்றது. அது அரசுக் கல்லூரி, கட்டணம் மிகக் குறைவு. 2017இல் இரண்டாம் இடத்தில் இருந்த லயோலா 2024இல் எட்டாம் இடத்தில் இருந்தது. அதனால் அங்கே பாடம் நான்கு மடங்கு கெட்டுவிட்டது என்று நுங்கம்பாக்கத்தில் யாரும் சொல்லவில்லை. முதல் நூறில் அண்மை ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்டவை தமிழ்நாட்டுக் கல்லூரிகள். நூறைத் தாண்டிய கல்லூரியையும் அந்த நெருக்கடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரம்பூர்வாசி மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன விவரத்தைக் கல்லூரி இணையதளத்தில் மூன்று கிளிக்குகளுக்கு அடியில் தேடி எடுத்தேன். ஆசிரியர் பட்டியலில் துறையின் பெயர் இல்லை. எனவே வரலாற்றுத் துறையின் பக்கத்தைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு, நானும் மகளும் ஒரு நோட்டில் பெயர்களைப் பொருத்தினோம். காலைப் பிரிவில் ஐந்து ஆசிரியர்கள்; நால்வர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், பத்தாண்டுகளுக்கு மேல் அங்கேயே இருப்பவர்கள். பிற்பகல் பிரிவில் மூவர். மூவருமே பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஒரே வாசல், ஒரே பேனர், ஒரே எண். உள்ளே இரண்டு கல்லூரிகள் நடக்கின்றன என்று மகள்தான் சொன்னாள்.

நேற்று துறைத் தலைவரைச் சந்தித்தோம். அரசுத் தேர்வைப் பற்றிக் கேட்டதும் மேசை இழுப்பறையிலிருந்து அவர் கைப்பட எழுதிய ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினார். பெயர், தேர்ச்சி பெற்ற ஆண்டு, இப்போது எந்த அலுவலகம் என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. இதை இணையதளத்தில் போடலாமே என்றேன். அதற்கென்று படிவம் யாரும் கேட்கவில்லை என்றார். காலைப் பிரிவில் யாராவது விலகினால் இடம் கிடைக்கும் என்பதால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறோம். நான்காவது எண்ணில் இருக்கிறாள். அடுத்த பட்டியல் வியாழக்கிழமை ஒட்டுகிறார்கள்.