வெள்ளை எழுத்து ஓடினால் மட்டும் டிவியில் கொர்ர் சத்தம், உதவுங்கள்

குடியாத்தம்_பையன்:
தாத்தாவின் பழைய கலர் டிவி. பின்னால் ஆன்டெனா சொருகும் ஓட்டை மட்டும்தான். செட்டாப் பாக்ஸிலோ வீடியோவுக்கு மஞ்சள் பின். அதனால் வேலூரில் பழைய ஆர்.எஃப். மாடுலேட்டர் (வீடியோவை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒன்று வாங்கி நடுவில் போட்டேன். 3ஆம் சேனலில் படமும் பேச்சும் வருகின்றன. ஆனால் செய்தியில் கீழே வெள்ளை எழுத்து ஓடினால் கொர்ர்ர் என்கிறது, எழுத்து போனால் நின்றுவிடுகிறது. நியூஸ்காரனுக்குத் தொண்டை கட்டியிருக்கு என்கிறார் தாத்தா. ஸ்பீக்கர் மாற்றியும் பலனில்லை.

ஆற்காடு_ஆடியோ:
எர்த் கோளாறாக இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

குடியாத்தம்_பையன்:
மாற்றிவிட்டேன், அதே கதைதான்.

காட்பாடி_மெக்கானிக்:
கேபிளை விடுங்க தம்பி. எழுத்தோடு வந்து எழுத்தோடு போகிறதென்றால் படம்தான் சத்தத்தைக் கெடுக்கிறது.

நம் பழைய டிவிகளின் பால்-பி ஒளிபரப்பு முறையில் படம் ஏ.எம்., அதாவது படத்தைச் சுமக்கும் அலையின் (கேரியர்) உயரம் கூடிக் குறையும், அதுவும் தலைகீழாக. திரை வெளுக்க வெளுக்க கேரியர் இறங்கும். சிங்க் பல்ஸில் (கோடு தொடங்கும் இடத்தை டிவிக்குச் சொல்லும் துடிப்பு) 100 சதவீதம், கறுப்பில் 75 வாக்கில், முழு வெள்ளையில் சுமார் 10. இப்படி வைத்ததால்தான் மிக்சி ஓடும்போது விழும் புள்ளி கறுப்பாக விழுகிறது, கண்ணை அவ்வளவாக உறுத்தாது. பிரிட்டனின் பழைய 405 கோட்டு டிவியில் நேர்மாறு, வாசலில் வண்டி போனால் வெள்ளைப் புள்ளி பறக்கும்.

உங்கள் சத்தம் அந்தக் கடைசி 10 சதவீதத்தில்தான் தொங்குகிறது. சத்தம் எஃப்.எம். (அலையின் உயரம் அல்ல, அதிர்வெண் மாறும்), படக் கேரியருக்கு மேலே 5.5 மெகாஹெர்ட்ஸ். 3ஆம் சேனலில் படம் 55.25, சத்தம் 60.75. டிவி இரண்டையும் கலந்து, கிடைக்கும் 5.5லிருந்துதான் பேச்சை எடுக்கிறது. வீடியோ அளவு மிஞ்சினால் வெள்ளை வரும் இடத்தில் படக் கேரியரே செத்துவிடும், கலக்க ஆள் இல்லை. நொடிக்கு 50 ஃபீல்டு (அரைப் படம்), ஒவ்வொன்றிலும் அந்த எழுத்து வரும் இடத்தில் சத்தம் அறுபடும். அதுதான் உங்கள் கொர்ர்.

மஞ்சள் பின்னில் 1 வோல்ட் இருக்கணும். அதற்கு மாடுலேட்டர் உள்ளே 75 ஓம் ரெசிஸ்டர் வேணும். அது இல்லையென்றால் 2 வோல்ட் வரை ஏறிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீடியோ ஒயரையும் கழற்றிவிட்டு, மஞ்சள் சாக்கெட்டின் நடுவிலும் ஓரத்திலும் மீட்டரை ஓமில் வையுங்க, 75 வாக்கில் காட்டணும்.

குடியாத்தம்_பையன்:
அண்ணே, மீட்டர் 4000 ஓமுக்கு மேல் காட்டியது! திறந்தால் ரெசிஸ்டர் கருகிக் கால் மட்டும் நிற்கிறது. கடையில் 75 இல்லை. 150 இரண்டை பேரலலாகச் சேர்த்துப் பற்றவைத்தேன். கொர்ர் போச்சு. இத்தனை நாள் வெறும் வெள்ளையாய்த் தெரிந்த செய்தி வாசிப்பவர் சட்டையில் மடிப்பு தெரிகிறது. முழு வெள்ளை விளம்பரத்தில் மட்டும் லேசாக முனகுகிறது.

காட்பாடி_மெக்கானிக்:
உள்ளே வீடியோ பிரீசெட் (அளவைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு) இருந்தால் ஒரு நூல் குறையுங்க. திருப்பும் முன் பழைய இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்க. சத்தத்துக்கு இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) மேல் கை வைக்காதீங்க, 5.5 நகர்ந்தால் அப்புறம் தாத்தா என்னைத்தான் திட்டுவார்.