புரை ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வாரம், ஆயாவுக்கு ஆத்தங்குடி கல்லுல கோடு நெளியுதாம்

பள்ளத்தூர்_பேரன்:
ஆயாவுக்கு 71 வயசு, சுகர் இருக்கு. வலது கண்ணுல புரை எடுத்து லென்ஸ் வச்சு அஞ்சு வாரமாச்சு. மொத மூணு வாரம் ஜோரா இருந்துச்சு, முகப்புல உக்காந்துக்கிட்டே தெருவுல போறவங்கள பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. இப்ப ஒரு வாரமா மங்குதாம். நேத்து கொட்டான் முடைஞ்சுக்கிட்டே இருந்தவங்க நிறுத்திட்டு, "ஏப்பா, இந்த ஓலை ஏன் வளைஞ்சு தெரியுது"ன்னாங்க. இடது கண்ண மூடிக்கிட்டு தரையப் பாத்தா கல்லுல கட்டம் நடுவுல மட்டும் நெளியுதாம், ஓரத்துல நேரா இருக்காம். வலி இல்ல, செவப்பு இல்ல. ஆபரேஷன் பண்ண இடத்துக்கு போன் போட்டா "போகப்போக சரியாயிரும்"னுட்டாங்க. ஊர்ல ஒருத்தர் லென்ஸ் நகந்துருச்சுங்கிறார், இன்னொருத்தர் புரை திரும்ப வந்துருச்சுங்கிறார். வருமா?

ஸ்கேன்_ரூம்காரன்:
எடுத்த புரை திரும்ப வராதுங்க. லென்ஸ் உக்காந்திருக்கிற பையோட பின்பக்கச் சவ்வு மங்கும், அதத்தான் அப்படிச் சொல்றாங்க, அது பெரும்பாலும் மாசக்கணக்கு வருஷக்கணக்காகி வர்றது, யாக் லேசர் போட்டா தீந்துச்சு. நடுவுல கோடு நெளியுதுன்னா கதை வேற. ஆபரேஷன்ல கண்ணோட முன்பக்கம் மட்டும் கைவச்சாலும் அதுல கிளம்புற அழற்சி பின்பக்கம் வரைக்கும் போகும், விழித்திரையோட நடு இடமான மாக்குலாவுல குட்டி ரத்தக்குழாயெல்லாம் கசிஞ்சு நீர் கோத்துக்கும். இர்வின்-காஸ்னு பேரு, 1953லயே இர்வின்ங்கிற கண் டாக்டர் எழுதிவச்ச சமாச்சாரம். நாலுலேர்ந்து ஆறு வாரத்துலதான் தலைகாட்டும், உங்க கணக்கு அப்படியே பொருந்துது பாருங்க. சுகர்க்காரங்களுக்கு வாய்ப்பு அதிகம், சுகராலயே வர்ற வீக்கமாவும் இருக்கலாம், அத ரெட்டினா டாக்டர்தான் பிரிச்சுச் சொல்லணும். விழித்திரைய அடுக்கடுக்கா படம் புடிக்கிற ஓசிடி ஸ்கேன் சில நிமிஷ வேலை, தள்ளிப்போடாதீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் அழற்சிய அடக்கக் குடுத்த சொட்டு மருந்து ஒழுங்கா போட்டாங்களா?

தேவகோட்டை_ஆச்சி:
எனக்கு நடந்தது வேற மாதிரி தம்பி, ஆனா அதுவும் பின்பக்கம்தான். சின்ன வயசுலேர்ந்து மைனஸ் 9 பவர். ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம் கழிச்சு வளவுல வடகம் காயவச்சுக்கிட்டு இருக்கேன், கண்ணோரத்துல மின்னல் வெட்டுது, அப்புறம் கரித்தூள் கொட்டின மாதிரி புள்ளிபுள்ளியா மெதக்குது, சாயங்காலம் ஒரு பக்கம் திரை எறக்கின மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கே காரெடுத்து மதுரைக்குப் போனோம், விழித்திரை விலகியிருக்குன்னு மறுநாளே ஆபரேஷன். நம்ம சொந்த லென்ஸ் நாலஞ்சு மில்லிமீட்டர் கனமாம், வைக்கிறது ஒரு மில்லிமீட்டர் சுமார்தான், அந்தக் காலி இடத்துக்கு பின்னால இருக்கிற ஜெல்லி முன்னாடி நகரும்போது விழித்திரையப் புடிச்சு இழுத்து கிழிச்சிருதாம். எல்லாருக்கும் வராது, என்ன மாதிரி பெரிய மைனஸ்காரங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி.

காரைக்குடி_மச்சான்:
எங்க அப்பத்தா நந்தியாவட்டைப் பூவ பிழிஞ்சு விடுவாங்க, குளிர்ச்சி.

ஸ்கேன்_ரூம்காரன்:
மச்சான், அஞ்சு வாரக் கண்ணுல பூச்சாறா? கிருமி உள்ள போனா கண்ணே போயிரும். பூவ சாமிக்குப் போடுங்க.

பள்ளத்தூர்_பேரன்:
போயிட்டு வந்தோம். மாக்குலாவுல வீக்கமேதான். ஸ்கேன் படத்த காட்டினதும் ஆயா, "என்னடா பணியாரம் உப்பின மாதிரி இருக்கு"ங்கிறாங்க, டாக்டரே சிரிச்சுட்டார். ரெண்டு சொட்டு மருந்து, சுகரக் கொறைக்கணும், ஒரு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன், இடது கண்ணு ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம்னுட்டார். ஒண்ணு ஒத்துக்கிறேன், பாட்டில் தீந்துபோச்சுன்னு மூணாவது வாரமே நாங்களா சொட்டு மருந்த நிறுத்திட்டோம், போன் பண்ணப்ப அத நான் சொல்லவே இல்ல. ஆயா காலையில எந்திரிச்சதும் இடது கண்ணப் பொத்திக்கிட்டு அதே கல்லப் பாக்குறாங்க, இன்னைக்கும் நெளியுதாம்.