மரினா நீர்த்தேக்கத்தில் வெள்ளநீர் எந்த ஆழத்தில் நகர்கிறது?

கேள்வி: வணக்கம். சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மரினா தடுப்பணைக்குப் பின்னுள்ள நீர்த்தேக்கம், ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நகர்ப்பரப்பின் மழைநீரைப் பெறுகிறது. கனமழைக்குப் பின் காலாங் ஆற்றின் வழியாக வரும் கலங்கல் நீர் மேலாகப் பரவுகிறதா, அடியில் இறங்குகிறதா என்பதை ஒலி அலைக் கருவிகளால் அறிய முடியுமா?

பதில் 1: முடியும். டாப்ளர் நீரோட்டமானியை அடித்தரையில் மேல்நோக்கி நிறுத்தினால், அது அனுப்பும் ஒலித்துடிப்புகள் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும்போது ஏற்படும் அதிர்வெண் மாற்றத்திலிருந்து, ஒவ்வோர் ஆழ அடுக்கின் வேகமும் திசையும் தனித்தனியே கிடைக்கும். 28 டிகிரி செல்சியஸ் நீரைவிட 26 டிகிரி நீர் ஒரு கன மீட்டருக்கு அரை கிலோ அளவே கூடுதல் எடையுள்ளது. ஆயினும் அந்தச் சிறு வேறுபாடே குளிர்ந்த வெள்ளநீரை அடியில் ஊர்ந்து செல்ல வைக்கும். ஆகவே ஆழவாரியாக வெப்பநிலையையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

பதில் 2: எதிரொலியின் வலிமையை அப்படியே கலங்கல் அளவாகக் கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். துகளின் பருமன் மாறினாலே எதிரொலி மாறிவிடும். மேற்பரப்பில் காற்றுக்குமிழ்களும் அதைக் கூட்டும். வெள்ளம் வரும் வேளையிலேயே, இரவானாலும், நீர்மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். மேலும், கருவி செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்வாக அனுப்பும் ஒலிக்கற்றைகளில் மேற்பரப்பை ஒட்டிய சுமார் 6 விழுக்காட்டு ஆழத்தின் அளவீடு பயன்படாது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. மாதிரி எடுக்கும் திட்டத்தை முதலில் வகுக்கிறேன்.